மாடி ரெயில்

செட்டிநாட்டு வீடுகளைக் காண வருகிற வெளியூர் அன்பர்கள் தெருவில் வந்து நின்றதும் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். மேலே இருக்கிற சுதைப் பொம்மைகள் அவர்கள் கண்ணைக் கவர்ந்துவிடும். உள்ளூர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்த வீட்டின் பெருமை வேறோர் இடத்தில் இருப்பது தெரியும். அது நீளத்தில் இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பு. அடுத்த தெருவில் பின்வாசல். இடையே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். குடும்பம் பெருகினால் கட்டும் பெருகும். வறண்ட பூமியாயினும் மனைக்குப் பஞ்சமில்லை. ஆகவே நீட்டிக் கட்டினார்கள். அதே நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலே கிட்டங்கி வைத்தபோது, கீழே கடையும் மேலே படுக்கையுமாக அடுக்கிக்கொண்டார்கள். அங்கே நிலம் குறைவு.

நீட்டுவதா, அடுக்குவதா என்ற இந்தக் கேள்வி வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. ரெயில் வண்டி கட்டுகிறவர்களும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனோடு மல்லாடி வருகிறார்கள். ஒரு வண்டியில் ஏறவேண்டிய ஜனங்கள் இரட்டித்தால் என்ன செய்வது? வண்டியை நீட்டலாம்; அகலப்படுத்தலாம்; அடிக்கடி விடலாம்; அல்லது பெட்டியின்மேல் பெட்டி வைத்தாற்போல மாடி கட்டலாம். மின்சார ரெயிலுக்கு மாடி கட்டிய சரித்திரத்தைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன். காரைக்குடியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பாதைக்கு மின்கம்பி வந்த நாள் முதல், 'மாடி ரெயில் எப்போது வரும்?' என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ரெயிலைப் பற்றிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதை அறிந்தவர்கள் இப்படிக் கேட்கிறார்கள்.

முதலில் எங்கள் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-ஆம் ஆண்டிலும், புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு 1930-ஆம் ஆண்டிலும் தென்னிந்திய ரெயில்வே பாதை திறந்தது. மீட்டர் கேஜ் பாதை. அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர்தான். திருமயம் தாண்டினால் செட்டிநாடு என்ற பெயரோடே ஒரு நிலையம், அப்புறம் கோட்டையூர், அப்புறம் காரைக்குடி. தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறி இலங்கை செல்கிறவர்களும், சென்னைக்குப் போய்ப் பர்மாக் கப்பலேறுகிறவர்களும் இந்தப் பாதையில் எதிரெதிராகப் போனார்கள். ஊர் முழுதும் பிரயாணத்தில் வாழ்ந்த காலம் அது.

எங்கள் பாதை மானாமதுரையை எட்டிய மறு ஆண்டிலேதான் சென்னையில் ஒரு புதுமை நடந்தது. 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி, கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி, கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயிலைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுஜனங்கள் அதில் ஏறினார்கள். பம்பாயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதியே விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே மின்சார ரெயில் ஓடிவிட்டது. அது அகலப் பாதையில் ஓடியது. சென்னையின் மின்சார ரெயிலோ எங்கள் ஊர் வண்டி ஓடுகிற அதே மீட்டர் கேஜ் பாதையில் ஓடியது. இரண்டிடத்திலும் கம்பியில் 1500 ஓல்ட் நேர் மின்னோட்டம். எஞ்சின் என்று தனியாக ஒன்று முன்னால் இல்லை. பிரயாணிகள் உட்காருகிற பெட்டியின் அடியிலேயே மோட்டார் இருந்தது. தாம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டுகிறவர் மட்டும் மறுமுனைக்கு நடந்து போனால் போதும். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியின் அடியில் மோட்டார் என்ற இந்த ஏற்பாடுதான் பின்னால் மாடி கட்டுகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சலாக வந்தது.

நான் அந்த வண்டியை முதலில் கண்டது 1968-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில். அப்பத்தாவோடு சென்னைக்கு இரவு வண்டியில் போனேன். டிரங்குப் பெட்டி ஒன்று, பலகார டின்கள் மூன்று, படுக்கைச் சுருட்டு ஒன்று, தண்ணீர்க் கூஜா ஒன்று. இவற்றுக்கு இடையில் நான். கரித்தூள் கண்ணில் விழுந்து இரவெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தேன். விழுப்புரத்தில் விழித்தபோது நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார எஞ்சினை மாட்டினார்கள். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் 1960-களின் நடுவில் மின்கம்பி போட்டிருந்தார்கள். இம்முறை 25,000 ஓல்ட் மாறு மின்னோட்டம். அதற்கேற்பப் பழைய கடற்கரை-தாம்பரம் பகுதியையும் 1967-இல் மாற்றிவிட்டார்கள். புகையே இல்லாமல் வண்டி நகர்ந்ததைக் கண்டு அப்பத்தா, 'இது என்னடா, மூச்சு விடாமலே ஓடுது!' என்றாள். தாம்பரத்தை நெருங்கியதும் பக்கத்துப் பாதையில் மின்சார ரெயில் எங்களோடு போட்டியிட்டு ஓடிற்று. வாசல்தோறும் ஜனங்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். 'மேலே ஒரு மாடி வைத்தால் என்ன?' என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. பத்து வயதுப் பையனுக்குத் தோன்றிய அந்த யோசனை, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்களுக்கும் தோன்றியிருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரின் புறநகர் வண்டிகளில் பெட்டியின் கூரைமேல் பெஞ்சுகளைப் போட்டு ஆட்களை ஏற்றினார்கள். நம் நாட்டிலும் பம்பாய்-பரோடா-மத்திய இந்திய ரெயில்வே 1860-களிலேயே மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளுக்கு இரண்டு தட்டுப் பெட்டிகளை விட்டது. பிரயாணிகளின் சுகத்தை நாடிச் செய்த காரியமாக அதை எண்ண வேண்டாம். குறைந்த கட்டணம் கொடுக்கிறவனை நெருக்கி அடுக்குவதே நோக்கம். முன்னால் நீராவி எஞ்சின் கக்குகிற புகையும் பொறியும் நேரே மேல்தட்டுக்கு வரும். மாடியில் உட்கார்ந்தவர் பட்ட பாட்டை, கரித்தூள் விழுந்த கண்ணோடு விழுப்புரம் வரை வந்த என்னால் ஊகிக்க முடிகிறது.

ஆகவே மின்சாரம் வந்ததும் மாடிக்கு நல்ல காலம் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். பாதிதான் உண்மை. மின்சாரம் புகையை நீக்கிற்று. ஆனால் தலைக்குமேல் கம்பியைக் கட்டிற்று. நீராவி வண்டிக்கு மேலே வானம். மின்சார வண்டிக்கு மேலே ஒரு கூரை வந்துவிட்டது. அதிலும் 1500 ஓல்ட் கம்பிக்கும் 25,000 ஓல்ட் கம்பிக்கும் வேறுபாடு உண்டு. அழுத்தம் கூடக்கூட, கம்பிக்கும் பெட்டிக் கூரைக்கும் நடுவே விடவேண்டிய காற்றிடைவெளியும் கூடவேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் தாவிவிடும். 25,000 ஓல்டில் பெரிய லாபம் இருக்கிறது. மெல்லிய கம்பி போதும். மின் நிலையங்களைத் தூரத்தூர வைக்கலாம். அந்த லாபத்துக்கு உயரத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் இந்தத் தொல்லை வேறு உருவத்தில் வந்தது. லண்டனுக்குத் தெற்கே ஓடுகிற மின்சார ரெயிலுக்கு மேலே கம்பி கிடையாது. தரையில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் பழைய பாலங்களும் சுரங்கங்களும் மிகத் தாழ்வானவை. ஆலிவர் புல்லீட் என்ற தலைமை எஞ்சினீயர் 1949-ஆம் ஆண்டு நான்கு பெட்டிகள் கொண்ட இரண்டு மாடி ரெயில் தொகுதிகளைக் கட்டி, சேரிங் கிராஸிலிருந்து டார்ட்போர்டுக்கு விட்டார். மேலே முழு மாடிக்கு இடமில்லை. எனவே மேல் அறையில் உட்காருகிறவரின் கால், கீழ் அறையில் உட்காருகிறவர்களின் தலைகளுக்கு இடையே வருமாறு அறைகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டார். கைவிரல்களைக் கோத்துக்கொள்கிறோமல்லவா, அதுபோல. சாமர்த்தியமான வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் மேல்தட்டு ஜன்னல்களைத் திறக்க முடியாது. திறந்தால் பாலத்தில் இடிக்கும். உள்ளே புழுக்கம். அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி கூடுதல் நேரம் நின்றது. ஒரே கதவு வழியாகக் கீழ் அறைக்காரரும் மேல் அறைக்காரரும் இறங்கி ஏற வேண்டும். மாடியினால் வந்த ஆசன லாபம் பிளாட்பாரத்தில் நஷ்டமாயிற்று. கடைசியில் ரெயில்வேக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிளாட்பாரங்களை நீட்டி, பத்துப் பெட்டி வண்டிகளை விட்டார்கள். செட்டிநாட்டுக் கொத்தனார் சொல்லியிருக்கக்கூடிய யோசனை! புல்லீட்டின் இரண்டு தொகுதிகளும் 1971 வரை ஓடி ஓய்ந்தன. மூன்றாவது கட்டப்படவில்லை.

மாடி மின்சார ரெயிலை ஊன்றி வளர்த்த நகரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சொல்லலாம். அங்கே மின்சார ரெயில் 1926-இல் வந்தது. சென்னையைப் போலவே 1500 ஓல்ட் நேர் மின்னோட்டம். நகரத்தின் அடியில் சுரங்கம் தோண்டியவர்கள் நல்ல விசாலமாகத் தோண்டியிருந்தார்கள். அந்த விசாலம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கைகொடுத்தது. 1964-ஆம் ஆண்டு மாடிப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. ஆனால் கவனிக்க வேண்டும்: அவை இழுபடுகிற பெட்டிகள் மட்டுமே. மோட்டார் உள்ள பெட்டிகள் பழையபடி ஒற்றைத் தட்டாகவே இருந்தன. ஏன்? முன்னே சொன்ன அந்த ஏற்பாடுதான் காரணம். பெட்டியின் அடியில் மோட்டாரும், மின்தடைப் பெட்டிகளும், காற்றழுத்தக் கருவியும் தொங்குகின்றன. மாடிப் பெட்டியிலோ கீழ்த்தட்டை இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே தரையை ஒட்டி இறக்க வேண்டும். அங்கே மனிதர் உட்கார்ந்துவிட்டால் யந்திரத்தை எங்கே வைப்பது? குடக்கூலிக்குக் கீழ்வீட்டை விட்டுவிட்டுச் சாமான் அறையைத் தேடுகிற வீட்டுக்காரரின் நிலைமை இது.

நான்கு ஆண்டுகள் யோசித்து, 1968-இல் மோட்டார் பெட்டியையும் மாடியாகச் செய்து பார்த்தார்கள். சாமான்களைச் சக்கரங்களுக்கு மேலுள்ள இரு முனைகளுக்கு ஒதுக்கினார்கள். வாசலும் அந்த முனைகளில்தான். பிளாட்பார மட்டத்தில் உள்ளே நுழைந்து, நாலைந்து படி ஏறினால் மேல்தட்டு. நாலைந்து படி இறங்கினால் கீழ்த்தட்டு. இந்த அமைப்பு வென்றது. 1970-களிலிருந்து சிட்னியின் வண்டிகள் அடுத்தடுத்து மாடியாகவே மாறின.

ஸூரிச் நகரத்தார் வேறு வழியில் போனார்கள். 'நகரத்தார்' என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். ஸ்விட்ஸர்லாந்து நகரத்து ஜனங்களைச் சொல்கிறேன். 1990-இல் அவர்கள் புறநகர் ரெயிலைத் தொடங்கியபோது, ஒரு முனையில் தனி மின்சார எஞ்சின், அதன்பின் மூன்று மாடிப் பெட்டிகள் என்று வைத்தார்கள். யந்திரத்துக்கு இடம் தேடுகிற வம்பே வேண்டாம் என்று, அதைத் தனி வீட்டில் குடிவைத்துவிட்டார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து 2006-இல் வந்த அடுத்த தலைமுறை வண்டியில் தனி எஞ்சின் இல்லை. யந்திரங்கள் பெட்டிகளுக்குள்ளேயே அடங்கின. அந்தப் பதினாறு ஆண்டுகளில் நடந்த மாறுதலில்தான் இந்தச் சரித்திரத்தின் நடு முடிச்சு இருக்கிறது. பழைய மோட்டாரை அடக்க அலமாரி அலமாரியாகச் சாமான் வேண்டும். மின்னணுக் கருவிகள் வந்த பிறகு, கம்பியிலிருந்து வருகிற மின்சாரத்தை வேண்டியபடி வெட்டி, மாற்றி, சிறிய மும்முனை மோட்டாருக்குக் கொடுக்க முடிந்தது. மோட்டார் சிறுத்தது, அதை ஆளுகிற பெட்டியும் சிறுத்தது. மிஞ்சிய இடம் பிரயாணிக்கு வந்தது. மாடி ரெயில் நவீனமானதற்குத் தச்சரின் உளியைவிட இந்தச் சின்னஞ்சிறு கருவிகளே அதிகம் உதவின.

விரைவு வண்டிகளிலும் மாடி ஏறிற்று. பிரான்ஸின் அதிவேகப் பாதையில் ஓர் அச்சின்மேல் 17 டன்னுக்கு மேல் பாரம் கூடாது என்பது விதி. அந்த விதிக்குள் நிற்க, உருக்கை விட்டு அலுமினியத்தில் உடலைச் செய்து, 1996-இல் மாடி வண்டிகளை ஓடவிட்டார்கள். ஜப்பானியர் 1994-இலும் 1997-இலும் ஷின்கான்ஸென் பாதைக்கு மாடி வண்டிகளைக் கொணர்ந்தார்கள். இரண்டு எட்டுப் பெட்டித் தொகுதிகளைச் சேர்த்தால் 1,634 ஆசனங்கள்! ஒரு சிற்றூரையே ஒரு வண்டியில் ஏற்றிவிடலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1979 டிசம்பரில் பம்பாய்க்கும் சூரத்துக்கும் இடையே ஓடுகிற 'பிளையிங் ராணி' வண்டியில் மாடிப் பெட்டிகள் சேர்க்கப்பட்டன. அன்றாடம் வேலைக்குப் போய்வருகிற சீசன் டிக்கட்டுக்காரர்களின் வண்டி அது. குளிர்சாதனம் இல்லை, ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. குளிர்சாதன மாடி வண்டி 2011 அக்டோபரில் ஹௌராவுக்கும் தன்பாத்துக்கும் இடையே முதலில் ஓடிற்று. பஞ்சாபில் கபுர்தலாத் தொழிற்சாலையில் பெட்டிகள் செய்யப்பட்டன. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 2013 ஏப்ரல் 25-ஆம் தேதி அவ்வகை வண்டி வந்தது. தமிழ்நாட்டார் கண்ட முதல் குளிர்சாதன மாடி ரெயில் அதுவே. கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் இடையே 2018 ஜூன் 8-இல் 'உதய்' என்ற மாடி வண்டி தொடங்கியது.

சென்னை-பெங்களூர் வண்டியில் முதல் ஆண்டிலேயே ஏறிப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் மேல்தட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் கீழ்த்தட்டில் உட்கார்ந்தேன். நிலையத்தில் நின்றபோது என் கண்ணுக்கு நேரே பிளாட்பாரத்தில் நடப்பவர்களின் செருப்புகள் போயின. மனிதரை முகம் பார்த்து அறியாமல் கால் பார்த்து அறிவது விசித்திரமான அனுபவம். காட்பாடியில் இறங்கியவர்களில் பாதிப்பேர் வெள்ளிக் கொலுசு, பாதிப்பேர் ரப்பர் செருப்பு என்று கணக்கெடுத்தேன்.

அந்தப் பெட்டியின் அளவுகளைச் சொன்னால் விஷயம் விளங்கும். சாதாரணக் குளிர்சாதன நாற்காலிப் பெட்டியில் 78 ஆசனங்கள். மாடிப் பெட்டியில் 120: மேலே 50, கீழே 48, இரு முனைகளிலும் உள்ள நடுமட்டத்தில் 22. உயரம் 4.366 மீட்டர். நம் அகலப் பாதையில் மின்கம்பி சாதாரணமாகத் தண்டவாளத்துக்கு 5.5 மீட்டர் அளவில் இருக்கும். மேம்பாலங்களின் கீழே இன்னும் தாழும். அப்படியானால் உயரம் ஒருவாறு கிடைத்துவிட்டது. இடித்தது எங்கே? பக்கத்தில். சாதாரணப் பெட்டியின் அகலம் 3.24 மீட்டர். மாடிப் பெட்டிக்கு 3.05 மீட்டர்தான் கிடைத்தது. கீழ்த்தட்டு பிளாட்பாரத்தின் விளிம்புக்கும் கீழே இறங்குவதால், அகலமாகச் செய்தால் கல்லில் உராயும். ஹௌரா வண்டியைச் சோதித்தபோது சில நிலையங்களில் அப்படி உராயவும் செய்தது. பிளாட்பாரத்தைச் செதுக்கிய பிறகே வண்டி ஓடிற்று. ஆக, ஒல்லியான பெட்டி. அதிலும் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று நாற்காலிகள். முழங்கைகள் ஒன்றோடொன்று வழக்காடாமல் இருக்க முடியாது. தட்டுக்கு மேல் தட்டு என்பதால் தலைக்குமேல் சாமான் வைக்கிற இடமும் சுருங்கிற்று. மேலே பாரம் ஏறினால் வண்டி ஆடும். அதைத் தடுக்கக் காற்றடைத்த வில்களை வைத்திருந்தார்கள். அந்தக் காரியம் மட்டும் குறைசொல்ல முடியாதபடி இருந்தது. வளைவுகளில் மடியிலிருந்த காப்பி சிந்தவில்லை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இந்த வண்டிகளெல்லாம் மின்சார எஞ்சின் இழுக்க ஓடுகிறவை. சிட்னியைப் போலப் பெட்டியே மோட்டாரைச் சுமந்து ஓடுகிற மாடி மின்சார ரெயில் நம் புறநகர்ப் பாதைகளில் வந்ததில்லை. பத்து வயதில் எனக்குத் தோன்றிய யோசனையைச் சென்னை ஏற்கவில்லை. ஏற்காதது சரிதானா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். மைலுக்கு ஒரு நிலையம் என்ற கணக்கில் வண்டி நிற்கிறது. மாடி ஏறி இறங்குகிறவர்களுக்காக நிலையத்துக்கு அரை நிமிஷம் கூடுதலாக நின்றால், ஒரு நடைக்கு எட்டொன்பது நிமிஷம் போய்விடும். பின்னால் ஐந்து நிமிஷத்தில் அடுத்த வண்டி வந்து நிற்கிற பாதையில் அந்த எட்டு நிமிஷம் சாமானியமானதன்று. ஒரு வண்டியையே இழந்ததற்குச் சமம். எனவே சென்னை பக்கவாட்டில் வளர்ந்தது. மீட்டர் கேஜை எடுத்துவிட்டு 1.676 மீட்டர் அகலப் பாதை போட்டார்கள். கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரெயில் 2004-இல் ஓடி முடிந்தது. அகலப் பாதை மின்சார ரெயிலின் பெட்டி 3.66 மீட்டர் அகலம். மாடிப் பெட்டியைவிட இரண்டடி அதிகம்! நிற்கிறவர்களுக்கு அந்த இரண்டடி ஒரு மாடிக்குச் சமம். படி ஏறவும் வேண்டியதில்லை. பிறகு பெட்டிகள் ஒன்பதாயின, பன்னிரண்டாயின. நம் பாதையின் அகலம் உலகத்தில் பல நாடுகளுக்குக் கிட்டாத செல்வம். அந்தச் செல்வம் இருக்கிறவனுக்கு மாடியின் அவசரம் குறைவு.

பிற நாடுகளில் பின்னால் நடந்தவையும் இதையே காட்டின. மாடி ரெயிலிலேயே வளர்ந்த சிட்னி, 2019 மே மாதத்தில் திறந்த தன் புதிய மெட்ரோப் பாதைக்கு ஒற்றைத் தட்டு வண்டியையே வாங்கிற்று. நிறையக் கதவுகள், வேகமான ஏற்ற இறக்கம் என்பதே அதன் கணக்கு. ஜப்பானில் மாடி ஷின்கான்ஸென் 2021 அக்டோபரில் விடைபெற்றது. புதிய வண்டிகளின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிளையிங் ராணியின் மாடிப் பெட்டிகள் 2023 ஜூலையில் கழற்றப்பட்டன. கடைசி நாளில் பழைய சீசன் டிக்கட்டுக்காரர்கள் பிரிவுபசாரம் செய்ததாகப் படித்தபோது, எனக்கும் ஒரு சிறு வருத்தம் உண்டாயிற்று. பிரான்ஸிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் மாடி தழைத்திருக்கிறது. தூரம் அதிகம், நிற்கிற இடம் குறைவு, பிளாட்பாரத்தை நீட்ட வழியில்லை என்ற மூன்றும் கூடுகிற இடத்தில் அது பயன் தருகிறது. நம் நாட்டில் மாடி ஏறியவை சரக்குகளே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 2020 ஜூனில் குஜராத்தில் மின்கம்பியை 7.57 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்டெய்னர்களை மின்சார எஞ்சின் இழுத்துச் சென்றது. சரக்குக்குப் படியும் வேண்டாம், கதவும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம்.

எங்கள் பாதையின் கதைக்குத் திரும்புகிறேன். திருச்சி-மானாமதுரைப் பாதை 2007-ஐ ஒட்டி அகலப் பாதையாயிற்று. 1984-இல் திருச்சிக்கும் சென்னைக்குமாகத் தொடங்கிய பல்லவன் வண்டி, பெங்களூருக்கு மாடி ரெயில் வந்த அதே 2013-ஆம் ஆண்டில் காரைக்குடி வரைக்கும் நீட்டப்பட்டது. திருச்சி வரைக்கும் மின்கம்பி. அதற்கு இப்பால் இல்லை. ஆகவே திருச்சியில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீஸல் எஞ்சினை மாட்டுவதைப் பலமுறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 1968-இல் விழுப்புரத்தில் பார்த்த காட்சிதான். இடம் மட்டும் தெற்கே நகர்ந்திருந்தது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் எங்கள் ஊரில் இருக்கிறது. மின்சாரத்தை ஆராய்வதற்கே ஒரு கூடம் வைத்த ஊருக்கு மின்சார ரெயில் வர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. 2020-க்குப் பின்னரே கம்பி வந்தது.

கம்பி வந்த பிறகு மாடியைக் கேட்பது இயற்கை. பகல் வண்டி, நாற்காலி வண்டி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதால் பல்லவனைக் காட்டி, 'இதற்கு மாடி வைத்தால் என்ன?' என்று வாதாடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். மேலே சொன்ன கணக்குப்படி அவர் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 1929-இல் ஒற்றைப் பாதையாகப் போட்டார்கள். அகலப் பாதையாக மாற்றியபோதும் ஒற்றையாகவே மாற்றினார்கள். எதிரே ஒரு வண்டி வந்தால் நம் வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். மாடி வைத்த வண்டியும் அங்கே அப்படித்தான் காத்திருக்கும். நூற்றிருபது பேர் பெட்டிக்குப் பெட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், மாடிக்கு ஆகும் முயற்சியைப் பக்கத்தில் இன்னொரு பாதை போடச் செலவிட வேண்டும் என்பேன். நண்பர் இதை ஒப்புக்கொள்வதில்லை. மேல்தட்டிலிருந்து திருமயம் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையை எந்தப் புள்ளிவிவரமும் வெல்லாது.

சென்ற தை மாதம் விடியற்காலையில் பல்லவன் வண்டிக்காகக் காரைக்குடி நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் கானாடுகாத்தானிலிருந்து வந்த ஓர் ஆச்சி. மகள் வீட்டுக்குப் போகிறார். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று நாலு டின்; போதாக்குறைக்கு ஒரு சாக்கு. நண்பர் வழக்கம்போல மாடி ரெயிலின் பெருமையை எடுத்துவிட்டார். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மாடி இருக்கட்டும் தம்பி, சாமானை எங்கே வைப்பாக?' என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் அளவுகளைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் வந்து நின்றுவிட்டது. மூவருமாகச் சேர்ந்து டின்களை ஏற்றினோம். மூன்றை மேல் பலகையில் வைத்தாயிற்று. நாலாவதை ஆச்சி மடியிலேயே வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை வருவதற்குள் அதில் பாதி காலியாகிவிட்டது.